கணுக்காலுக்கு உப்புத்தாள்

நாலு மாடிப் படிக்கட்டுக்கு இரும்புக் கைப்பிடி போடும் வேலையை வெல்டிங் பட்டறை தேடி வந்து கொடுத்தார் மேஸ்திரி. வேண்டாம் என்று சொன்னவள் பட்டறைக்காரரின் மனைவி. சொன்ன கையோடு முகமூடியை இறக்கிக்கொண்டு, பாதியில் நின்ற ஜன்னல் கம்பியைப் பத்தவைக்க ஆரம்பித்துவிட்டாள். வெளிச்சம் கண்ணைப் பறித்ததால் மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பட்டறைக்காரரைப் பார்த்தார்.

"என்னய்யா, உன் வீட்டம்மா இப்படி சொல்லுது?"

பட்டறைக்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. "கேட்டு சொல்றேன் மேஸ்திரி" என்றார்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? பக்கத்துலதான நிக்குது? இந்தா பாரு, வேற பட்டறையே இல்லன்னு உங்கிட்ட வரல. கைப்பிடிங்கறது ஜன்னல் மாதிரி இல்ல. பொழுதன்னிக்கும் நாலு பேர் கை வச்சு ஏறி எறங்குவாங்க. கையில குத்தக் கூடாது. உன் சம்சாரம் வச்ச வெல்டுன்னா தடவிப் பாத்தாக்கூட எடம் தெரியாது. அதுக்காகத்தான் வந்தேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அந்தப் பட்டறையில் அளப்பது, வெட்டுவது, பெயிண்ட் அடிப்பதெல்லாம் அவர். ஒட்டுவது அவள். இதில் இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் கிடையாது. அவர் அளந்தால் நூலிழை பிசகாது. அவர் பத்தவைத்தால் மட்டும் காக்கை எச்சமிட்ட மாதிரி கட்டிகட்டியாக நிற்கும். அதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக அவள் வெளிவேலைக்கு வருவதில்லை. பட்டறைக்குள் செய்து முடிக்கிற ஜன்னல், கேட்டு, அலமாரி என்றால் சரி. கட்டடத்துக்குப் போய் நின்று செய்யவேண்டிய வேலை என்றால் வெட்டு ஒன்று துண்டு இரண்டாக வேண்டாம் என்பாள். பட்டறையின் பின்சுவரைத் தாண்டினால் வீடு. வீட்டுக்குள் காலை வைத்ததுமே கழிவறை. அவள் அந்த எல்லையைத் தாண்டாமல் இருந்ததற்கு அதுதான் காரணம் என்று பட்டறைக்காரருக்குத் தெரியாது.

ராத்திரி சோற்றில் கை வைத்தபடியே அவர் ஆரம்பித்தார். மகள் வெளியூரில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இரண்டே பேர், சண்டையை விலக்கிவிட ஆள் இல்லை.

"இந்தத் தொழில் புடிக்கலன்னா சொல்லிடு. நான் ஒரு ஆள வச்சுக்கறேன்."

"புடிக்கலன்னு நான் எப்ப சொன்னேன்?"

"வாயால சொல்லணுமா? வெளிவேலன்னா மூஞ்சியத் திருப்பிக்கற. படுக்கறப்போ பாயத் தூக்கிட்டு முன் ரூமுக்குப் போயிடற. ஏன்னு கேட்டா புழுக்கம்ங்கற. மழ கொட்டறப்பகூட உனக்குப் புழுக்கமா? எம்மேல என்ன கோவம்னு சொன்னா திருத்திக்கலாம். ஒண்ணும் சொல்லாம இருந்தா நான் என்னன்னு நெனைக்கறது?"

அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொன்னா சிரிக்கக் கூடாது."

"நான் சிரிக்கற நெலமையிலயா இருக்கேன்?"

"ஒண்ணுக்கு அடக்க முடியல."

அவர் கை சோற்றிலேயே நின்றது.

"எப்பருந்து?"

"ரெண்டு வருஷமாவே இருக்கு. முன்னெல்லாம் எப்பயாவது. இப்போ வந்துச்சுன்னா வந்ததுதான். கதவத் தொறக்கறதுக்குள்ள ஆயிடுது. குழாயில தண்ணி விழற சத்தம் கேட்டாப் போதும். தகரத்துல மழ விழுந்தாப் போதும். உங்க பக்கத்துல படுத்து, தூக்கத்துல ஏதாவது ஆயிட்டா நான் எங்க மூஞ்சிய வச்சுக்கறது? கட்டடத்துக்கு வான்னு கூப்புடறீங்க. அங்க நீங்க சுவரோரமாப் போய் நின்னுட்டு வந்துடுவீங்க. நான் எங்க போவேன்?"

பட்டறைக்காரருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அவள் மனசில் தன்மேல் ஒன்றும் இல்லை என்ற நிம்மதி. அடுத்த நிமிஷமே அதை நினைத்து அவருக்கு வெட்கமாகப் போனது. அனல் வீசும் தகரக் கூரைக்குக் கீழே அவள் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தார். வெயிலிலும் தோல் ஏப்ரனைக் கழற்றாமல் இருந்தது, துவைத்த துணியை யார் கண்ணிலும் படாமல் உலர்த்தியது எல்லாம் இப்போதுதான் அவருக்கு விளங்கியது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்ததைக் கேட்டார்.

"வால்வு ஏதாவது தேஞ்சிருக்குமோ?"

"நான் என்ன பம்பு செட்டா?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சிரிக்கக் கூடாது என்று சொன்னவள்தான் முதலில் சிரித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாவற்றையும் கேட்டார். தண்ணீர் குடிக்காமல் இருந்ததற்குத் திட்டினார், குடித்த டீயைக் குறைக்கச் சொன்னார். சோதனைகள் ஆயின. கிருமி இல்லை, கல் இல்லை. இடுப்புத் தசையை இறுக்கிப் பிடித்து விடும் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். பயிற்சியால் கொஞ்சம் பரவாயில்லை. மாத்திரை வாயைக் காயவைத்ததே தவிர, காயவேண்டியதைக் காயவைக்கவில்லை. மூன்றாம் முறை போனபோது டாக்டரம்மா நரம்புக்குக் கரண்ட் கொடுக்கும் வைத்தியத்தைப் பற்றிச் சொன்னார்.

"உங்க மூத்திரப் பை பாதி நெறையறதுக்குள்ளயே அவசரம் அவசரம்னு கத்துது. கணுக்காலுக்கு உள்பக்கமா ஒரு நரம்பு ஓடுது. அது மேல போய், பையக் கட்டுப்படுத்தற நரம்புங்க இருக்கற எடத்துலயே சேருது. கணுக்கால்ல மெல்லிசா ஒரு ஊசி வச்சு, கொஞ்சமா கரண்ட் குடுத்தா, அந்தக் கூச்சல் அடங்கும். வாரம் ஒரு தடவ வரணும். மூணு மாசம் ஆகும். அவசரப்படக் கூடாது."

கரண்ட் என்ற சொல்லைக் கேட்டதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எத்தன ஆம்பியர் வைப்பீங்க?"

"உங்க மெஷின் கணக்கெல்லாம் இங்க வராதும்மா. எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும்."

"இது கேக்கலன்னா?"

"இடுப்புக்குக் கீழ, தோலுக்கு உள்ளயே சின்னதா ஒரு மெஷின் வைக்கலாம். முதல்ல தற்காலிகமா வச்சுப் பாத்துட்டு, கேட்டா நெரந்தரமா வைப்போம். பல பேருக்கு நல்லா கேக்குது. ஆனா உங்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. அத வச்சுக்கிட்டு வெல்டிங் பக்கமே போகக் கூடாது. வெல்டிங் மெஷின்லருந்து வர்ற காந்தம் அதக் கெடுத்துடும்னு மெஷின் செய்யறவங்களே சொல்றாங்க."

வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் அவள் அதையேதான் நினைத்தாள். இந்த ஊசி கேட்காவிட்டால், ஈரத்தோடு பட்டறையில் இருப்பதா, காய்ந்த துணியோடு பட்டறைக்கு வெளியே உட்காருவதா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பதினெட்டு வயதில் பிடித்த வெல்டிங் ஹோல்டர். அதைக் கையிலிருந்து எடுத்துவிட்டால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது. ஊசி கேட்டே ஆகவேண்டும்.

மேஸ்திரியிடம் பட்டறைக்காரர் மூன்று மாசம் தவணை கேட்டார். பூச்சு வேலை முடிய எப்படியும் அவ்வளவு ஆகும் என்று மேஸ்திரியும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஊசி போடும் அறையில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற அம்மாள். அறை முழுக்க அவளை டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இவள் உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் டிக்கெட்டக்கா கேட்டாள்.

"உங்களுக்கு முன்பக்கமா, பின்பக்கமா?"

இவள் திகைத்துப்போய் நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் ஊசியைப் பிரித்தபடியே, "அவங்க எல்லாரையும் அதத்தான் கேப்பாங்க, பதில் சொல்லிடுங்க" என்றாள்.

"முன்பக்கம்."

"குடுத்து வச்சவங்க. எனக்குப் பின்பக்கம். புள்ள பெத்தப்போ கிழிஞ்சது, அப்போ தெரியல, அம்பது வயசுல கணக்கு கேக்குது. ஜன்னலுக்கு வெளிய கூட்டம் நிக்கும். திடீர்னு வரும். வந்தா சொல்லிட்டா வருது? பலகையச் சாத்திட்டு ஓடுவேன். வெளிய நிக்கறவன், டீ குடிக்கப் போறா பாருன்னு திட்டுவான். டீயே குடிக்கறதில்லடா பாவின்னு நெனச்சுப்பேன். இதப் போய் அவங்கிட்ட சொல்ல முடியுமா? மேலதிகாரிகிட்ட சொல்ல முடியுமா? என் வீட்டுக்காரர்கிட்டயே இப்பதான் சொன்னேன்."

"நானும் இப்பதான் சொன்னேன்" என்றாள் இவள்.

"என்ன சொன்னாரு?"

"வால்வு போச்சான்னு கேட்டாரு."

டிக்கெட்டக்கா குலுங்கிச் சிரித்தாள். நர்ஸ் அவள் காலைப் பிடித்துக்கொண்டு, "ஆடாதீங்க, ஒயர் கழண்டுடும்" என்று அதட்டினாள்.

ஊசி முடியைவிடக் கொஞ்சம் தடிமன். குத்தியது பெரிதாகத் தெரியவில்லை. உள்ளங்காலில் ஒரு பட்டையை ஒட்டி, கையடக்கமான பெட்டியில் ஒயரைச் செருகினார்கள். "கட்டைவிரல் மடங்கணும், இல்லன்னா உள்ளங்கால்ல சுறுசுறுன்னு வரணும். ரெண்டுல ஒண்ணு வந்தாலே போதும்" என்றாள் நர்ஸ். டிக்கெட்டக்காவின் கட்டைவிரல் சொல்பேச்சுக் கேட்கிற பிள்ளைபோல மடங்கி மடங்கி நிமிர்ந்தது. இவளுக்கு விரல் அசையவே இல்லை. உள்ளங்காலில் லேசாக ஒரு சுறுசுறுப்பு, அதுவும் விட்டு விட்டு. நர்ஸ் இது போதும் என்றாள். இவளுக்குத் திருப்தி இல்லை. பொறி பறக்காமல் இரும்பு ஒட்டி அவள் பார்த்ததில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது பட்டறைக்காரரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு யோசித்தார். ஆஸ்பத்திரிக்குள் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இது புரிகிற விஷயம் என்பதால் சந்தோஷமாகத் தலையைக் கொடுத்தார்.

"பக்கத்தம்மாவுக்கு மடங்குது, உனக்கு மடங்கலையா?"

"ஆமா."

"அதே மெஷினா?"

"அதே மாதிரி மெஷின்தான்."

"அப்போ மெஷின்ல கோளாறு இல்ல. எர்த்து புடிக்கல. கால நீட்டு பாப்போம்."

நீட்டினாள். இரும்புத் தூளும் கரியும் வருஷக்கணக்காகப் பட்டுப் பட்டு, கணுக்காலும் உள்ளங்காலும் தடித்துக் கறுத்திருந்தன. அவர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இதுல எப்படிப் போகும்? பெயிண்டுக்கு மேல கிளிப்பு போட்டா கரண்ட் போகுமா? எடத்த சுத்தம் பண்ணாம உன்ன யாராவது பத்தவைக்கச் சொன்னா நீ கேப்பியா?"

"கேக்க மாட்டேன்" என்றாள் அவள். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அவர் உள்ளே போய் உப்புத்தாள் எடுத்து வந்தார். சும்மா சொல்லக்கூடாது, முரட்டுத் தாளை எடுக்கவில்லை. கடைசிப் பளபளப்புக்கு வைத்திருக்கிற நைஸ் தாளைத்தான் எடுத்து வந்தார், அதையும் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். ஒரு காலில் தேய்த்து முடித்தபின், நர்ஸ் எந்தக் காலில் போடுவாளோ என்று மற்றதையும் தேய்த்தாள். கரி போய்ச் சிவப்பாகத் தோல் தெரிந்தது. அடுத்த வாரம் வரை தினமும் ஒரு தரம் தேய்க்க வேண்டும் என்று இரண்டு பேரும் முடிவு செய்தார்கள். அவர்கள் தொழிலில் அரைகுறை வேலை கிடையாது.

அடுத்த வாரம் நர்ஸ் காலைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தாள். இரண்டு கணுக்காலும் தோல் உரிந்து நீர் கசிந்துகொண்டிருந்தன.

"கொதிக்கற தண்ணி ஊத்திக்கிட்டீங்களா?"

"இல்ல சிஸ்டர். உப்புத்தாள் போட்டேன்."

"என்ன தாள்?"

"இரும்பு தேய்க்கறது. எர்த்து புடிக்கட்டும்னு."

"ரெண்டு கால்லயுமா?"

"எதுக்கும் இருக்கட்டும்னு."

டிக்கெட்டக்கா சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் முகத்தை மூடிக்கொண்டாள். நர்ஸ் சிரிக்கவில்லை.

"இங்க பாருங்கம்மா. ஊசி தோலுக்கு உள்ள போகுது. உங்க காலு அழுக்கா, சுத்தமா, தடிப்பா, அதுக்கு ஒண்ணும் தெரியாது. போன வாரம் உங்களுக்கு வந்த சுறுசுறுப்பே போதும்னு நான் சொன்னேனா இல்லையா? இப்போ புண்ணு மேல ஊசி போட முடியாது. சீழ் புடிச்சா பெரிய வம்பு. முழுசா ஆறட்டும். ஆறினப்புறம் வாங்க, மொதல்லருந்து ஆரம்பிப்போம்."

"மொதல்லருந்தா?"

"ஒரு ஊசிதான போட்டிருக்கு. மொதல்லருந்துதான்."

அன்றைக்கு அவள் பஸ்ஸில் அழுதாள். அவர்மேல் கோபம் வரவில்லை, தன்மேல்தான் வந்தது. இரண்டு வருஷம் மறைத்தாயிற்று, இப்போது கிடைத்த ஒரே வழியையும் தன் கையாலேயே தேய்த்துக் கெடுத்தாயிற்று என்று அழுதாள். கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த பட்டறைக்காரர் செய்வதறியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"மேஸ்திரிகிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

அவள் முன்னால் நடந்தாள்.

"அந்த இடுப்பு மெஷினையே உள்ள வச்சுக்கோ. இந்தக் காலு, ஊசி, எதுவும் வேணாம். நீ அளந்து குடு, நான் பத்தவைக்கறேன்."

"நீங்களா?"

"பழகிக்கறேன்."

"இருபது வருஷமாப் பழகாதத இப்போ பழகப் போறீங்களா? நீங்க வச்ச கைப்பிடியப் புடிச்சு எறங்கறவங்க, கை கிழிஞ்சு, நம்ம பரம்பரையையே திட்டுவாங்க." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மேஸ்திரிகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. பைப்ப வெட்ட ஆரம்பிங்க. பட்டறையில பண்ண முடிஞ்சத பண்ணி வைப்போம். கட்டடத்துல ஒட்ட வேண்டியத அப்போ பாத்துக்கலாம்."

புண் ஆறியது. ஊசி மறுபடி ஆரம்பித்தது. வாரா வாரம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அவளும் டிக்கெட்டக்காவும் காலை நீட்டிக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள். ஒரு மாசம் போனது, ஒன்றும் தெரியவில்லை. இன்னும் சில வாரம் போயும் ஒன்றும் தெரியவில்லை. பாதியில் விட்டுவிடலாமா என்று ஒருநாள் அவள் கேட்டபோது நர்ஸ், "செடிக்குத் தண்ணி ஊத்திட்டுத் தோண்டித் தோண்டிப் பாப்பீங்களா?" என்றாள். பட்டறைக்காரர் இதைக் கேட்டதிலிருந்து அவளை எப்படி இருக்கிறது என்று கேட்பதை நிறுத்திக்கொண்டார். கேட்காமல் முகத்தைப் பார்த்தார். அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

முதலில் கவனித்தது அவர்தான். பட்டறைத் தரையைப் பெருக்கும்போது எரிந்து மிஞ்சிய வெல்டிங் ராடுத் துண்டுகள் அள்ள அள்ள வரும். ஒரு ராடு எரிந்து முடிவதற்குள் அவள் ஹோல்டரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவாள், திரும்பி வந்து புதிய ராடு மாட்டுவாள். அப்படி விழுந்த நீள நீளத் துண்டுகள். அன்றைக்குக் கூட்டிய குப்பையில் எல்லாமே கடைசி வரை எரிந்த விரல் நீளத் துண்டாக இருந்தன. மதியம் மழையும் பெய்திருந்தது. தகரத்தில் சத்தம் காதைப் பிளந்தபோது அவள் குனிந்த தலை நிமிராமல் ராடு முழுக்க எரித்துவிட்டுத்தான் எழுந்து போனாள். ஓடவில்லை, நடந்து போனாள். அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் கண்ணுபட்டுவிடும் என்று பயந்தார்.

ஊசிகள் முடிந்தபோது டாக்டரம்மா மெனக்கெட்டு விசாரித்தார். முழுசாகப் போய்விடவில்லை. சில நாள் பழைய அவசரம் வரும், துணி வைத்துக்கொள்கிற பழக்கத்தையும் அவள் விடவில்லை. ஆனால் அவசரத்துக்கும் அவளுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைத்திருந்தது. மாசம் ஒரு தடவை வந்து ஊசி போட்டுக்கொண்டால் அந்த இடைவெளி நிலைக்கும் என்றார்கள். பாய் முன் அறையிலிருந்து உள்ளே வந்தது.

டிக்கெட்டக்காவுக்குத்தான் ஊசி போதவில்லை. இடுப்பில் மெஷின் வைத்துப் பார்க்கத் தேதி கொடுத்திருந்தார்கள். "எனக்கென்ன, வெல்டிங்கா பண்றேன்? டிக்கெட்டு கிழிக்கறதுக்குக் காந்தம் ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது இவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

கட்டடத்தில் பூச்சு முடிந்திருந்தது. வேலை தொடங்குவதற்கு முன்னால் அவள் ஒருமுறை போய்ச் சுற்றிப் பார்த்தாள். தரைத்தளத்தின் மூலையில் கழிவறைக்குப் பீங்கான் பதித்து, குழாயும் இணைத்திருந்தார்கள். கதவுதான் இல்லை. சுவரில் வெறும் ஓட்டை.

"கதவெல்லாம் கடைசிலதான் வரும்" என்றார் மேஸ்திரி.

"எனக்கு மொதல்ல வரணும்."

"ஒரு பத்து நாள் வேலைக்குக் கதவா? இத்தன நாளா இங்க பொம்பளைங்க வேலை செய்யல? மண்ணு சுமக்கறவங்க, செங்கல் சுமக்கறவங்க எல்லாரும் பொம்பளைங்கதான? யாராவது கேட்டாங்களா?"

"அவங்க எங்க போறாங்கன்னு நீங்க கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் மணல் சலித்துக்கொண்டிருந்த ஒரு பெண் தலையை நிமிர்த்தாமலே சொன்னாள். "எங்கயும் போறதில்லக்கா. காலையில வீட்டுல போறது. இருட்டினப்புறம் வீட்டுல போறது. தண்ணியே குடிக்க மாட்டோம்."

அன்றைக்கே பட்டறைக்காரர் ஓட்டையை அளந்து வந்தார். மிச்சம் மீதி தகடுகளை வெட்டிக் கொடுத்தார், அவள் சட்டம் ஒட்டி, உள்ளே தாழ்ப்பாள் வைத்தாள். கைப்பிடிக்கு என்று வாங்கிய பெயிண்டிலேயே கதவுக்கும் ஒரு பூச்சு. மறுநாள் காலையில் அந்தக் கட்டடத்தில் அவள் வைத்த முதல் வெல்டு, கழிவறைக் கதவின் கீலுக்குத்தான். மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே ஒரு டிரம் தண்ணீருக்கு ஏற்பாடு செய்தார்.

மதியத்துக்கு முன்னால் அவள் நாலாவது மாடியில் இருந்தாள். திருப்பத்தில் இரண்டு பைப் சேருமிடம், அதுதான் சிக்கலான இடம். அதை முடித்து, கசடைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, கையுறையோடு தடவிப் பார்த்தாள். அப்போதுதான் வந்தது. உறையைக் கழற்றி வைத்துவிட்டுப் படியிறங்கினாள். ஒவ்வொரு மாடியாக இறங்கும்போதும், அங்கே போய்ச் சேருவோமா என்று பழைய பயம் கூடவே இறங்கியது. சேர்ந்துவிட்டாள்.

கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் மூன்று பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மணல் சலித்த பெண் இரண்டாவது ஆள். அவள் திரும்பிப் பார்த்துவிட்டு ஒதுங்கினாள்.

"நீங்க போங்கக்கா. உங்க கதவுதான."

அவள் நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் தன்னைத்தானே கேட்டுப் பார்த்தாள். அவசரம் இருந்தது. கூச்சல் இல்லை.

"நீ போம்மா. எனக்கு நேரமிருக்கு."

வரிசையில் கடைசியாகப் போய் நின்றாள். மேலேயிருந்து பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் குரலில் பதற்றம் இருந்தது.

"என்னாச்சு? ஏன் அங்கயே நிக்கற?"

இரண்டு வருஷமாக யார் காதிலும் விழாமல் பார்த்துக்கொண்டவள், தலையை அண்ணாந்து நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கக்கூஸுக்கு நிக்கறேன். முன்னாடி மூணு பேர் இருக்காங்க. முடிச்சுட்டு வரேன், நீங்க அடுத்த பைப்ப அளந்து வைங்க."